தின்னப்படாத இடமே குடியிருப்பு: அமெரிக்கக் கழிமுகங்களில் ஐரோப்பியப் பச்சை நண்டு

பிரிட்டன் கரையில் ஐரோப்பியப் பச்சை நண்டைத் (கார்சினஸ் மீனாஸ்) தேடுபவர் கல்லைப் புரட்டினால் போதும். பாசிக்கு அடியில், பாறை இடுக்கில், துறைமுகச் சுவரோரம் எங்கும் கிடைக்கும். இந்த இனம் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 1817இலேயே பதிவானது. மெய்ன் மாநிலத்தின் பாறைக் கரைகளில் அது இன்றும் தாயகத்தில் வாழ்வதுபோலவே வாழ்கிறது. மேற்குக் கரையில் கதை வேறு. 1989–90இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் தென்பட்டது. 1997இல் ஆரிகன், 1998இல் வாஷிங்டன், 1999இல் பிரிட்டிஷ் கொலம்பியா, 2022இல் அலாஸ்காவின் மெட்லகாட்லா என வடக்கே ஏறிக்கொண்டே போனது. ஆனால் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பரவியும் திறந்த பாறைக் கரையில் அது குடியேறவில்லை. கழிமுகங்களின் உள்ளே, ஆற்று நீர் கலந்த சேற்றுத் திடல்களின் மேல் விளிம்பில்தான் கூண்டுக்குச் சிக்குகிறது.

ஒரே இனம், ஒரே உடல். இருப்பிடம் மட்டும் ஏன் இப்படிச் சுருங்கியது?

முதலில் சந்தேகிக்க வேண்டியது வெப்பத்தையும் உப்பையும். ஆனால் வளர்ந்த பச்சை நண்டு 0 முதல் 33 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஆயிரத்துக்கு 4 பங்கு உப்புள்ள நீரிலும் இருக்கும், 52 பங்கிலும் இருக்கும். கடல்நீர் சுமார் 35. ஈரமான நிழல் கிடைத்தால் நீருக்கு வெளியே நாள்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே கழிமுகத்தின் வாய்ப்பகுதியில் உள்ள குளிர்ந்த, உப்புக் கூடிய நீர் அதற்கு எந்த விதத்திலும் பாதகமில்லை. அங்கே அதை இருக்கவிடாதது இன்னொரு நண்டு.

யாக்வினா விரிகுடா

ஆரிகன் மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் கடலோடு சேரும் யாக்வினா இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய வசதிக்காகவே வெட்டிவைத்த கழிமுகம். வாயில் கடலின் குளிரும் உப்பும். டொலிடோ ஊர்ப் பக்கம் ஏற ஏற வெதுவெதுப்பும் நன்னீரும். ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில்வியா பெரன்ஸ் யமாடா 1990களின் இறுதியிலிருந்து இங்கும் சுற்றியுள்ள கழிமுகங்களிலும் பச்சை நண்டைத் தொடர்ந்து கணக்கெடுத்தவர். அவரும் கிறிஸ்டோபர் ஹன்ட்டும் 2003இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: செம்பாறை நண்டு (கான்சர் புரொடக்டஸ்) உள்ள இடத்தில் பச்சை நண்டு இல்லை, பச்சை நண்டு உள்ள இடத்தில் செம்பாறை நண்டு இல்லை.

செம்பாறை நண்டு அந்தக் கரையின் சொந்த இனம். ஆண் 18 முதல் 20 சென்டிமீட்டர் ஓட்டகலம் வரை வளரும். பச்சை நண்டு எவ்வளவு முயன்றாலும் 9–10 சென்டிமீட்டர்தான். செம்பாறை நண்டின் கொடுக்குகள் கனத்தவை, சிப்பியை நொறுக்கவே அமைந்தவை; அவற்றுக்குப் பச்சை நண்டின் ஓடு ஒரு பொருட்டல்ல. ஆய்வகத் தொட்டியில் இரண்டையும் சேர்த்து வைத்தால் பெரிய செம்பாறை நண்டு சிறிய பச்சை நண்டைத் தின்றுவிடுகிறது. இங்கே அளவுதான் முடிவுசெய்கிறது. உடல் வித்தியாசம் குறையக் குறைய சண்டையின் முடிவு உறுதியில்லாததாகும்.

செம்பாறை நண்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. உடல் திரவத்தின் உப்பைச் சீர்செய்யும் திறன் அதற்குக் குறைவு. மழைநீர் இறங்கி உப்பு வெகுவாகக் குறைந்தால் அது தாங்காது. வெயிலில் சுடும் ஆழமற்ற நீரும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே கழிமுகத்துக்குள் ஒரு கோட்டுக்கு மேல் அது வருவதில்லை. பச்சை நண்டின் நிலம் அந்தக் கோட்டுக்கு அப்பால் தொடங்குகிறது. கோடு இரண்டு திசையிலும் ஓடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆற்றின் நீளவாக்கில் மேலே போனால் உப்பு குறைந்து செம்பாறை நண்டு நின்றுவிடும். செங்குத்தாக, அதாவது வற்றத்தில் (கடல்நீர் வடியும்போது) காயும் நிலத்தின் மேல் பகுதிக்குப் போனாலும் அது எட்டாது. அதனால் வாய்ப்பகுதிக்கு அருகிலேயே கூட, கரையின் மேல்விளிம்பில் ஓரிரு கற்களுக்கு அடியில் பச்சை நண்டு ஒண்டியிருக்கலாம். ஐம்பது மீட்டர் கீழே இறங்கினால் ஒன்றும் இருக்காது.

இந்தக் கோடு நிலையானதும் அல்ல. ஆரிகனில் மழை குளிர்காலத்தில் கொட்டும். அப்போது நன்னீர் செம்பாறை நண்டை வாயை நோக்கித் தள்ளும். கோடையில் ஆறு மெலிந்து உப்பு உள்ளே ஏறும், வேட்டையாடியும் கூடவே ஏறும். ஒரே மாதத்தில் எடுத்த கணக்கை வைத்து வரைபடம் போட்டால் பாதிதான் தெரியும்.

கட்டிவைத்துப் பார்த்தல்

இரண்டு இனங்கள் சேர்ந்து காணப்படவில்லை என்பது மட்டும் ஒன்றை ஒன்று தின்றது என்பதற்கு ஆதாரமாகாது. ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த நீரில் இருந்துவிட்டுப் போயிருக்கலாம். அதைப் பிரித்தறியத்தான் நண்டைக் கட்டிவைக்கும் சோதனை: பச்சை நண்டைத் தங்கூசியால் (நைலான் நரம்பால்) முளையில் கட்டி, அது வழக்கமாக இல்லாத இடத்தில் விட்டு, மறுநாள் இருக்கிறதா என்று பார்ப்பது. எளிது போலத் தெரியும். கெட்டுப்போகும் வழிகள் ஏராளம்.

ஓட்டின் முதுகைத் துணியால் நன்றாகத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து உலர்த்திய பிறகே சயனோஅக்ரிலேட் பசையை வைக்க வேண்டும். ஈரம் துளி இருந்தாலும் பசை மறுநாள் கழன்றுவிடும். கழன்றதைத் தின்னப்பட்டதாக எழுதிவிடுவோம். முடிச்சு ஓட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். முன்பக்கம் ஒட்டினால் நண்டின் கொடுக்கு எட்டி நரம்பை அறுத்துவிடும். கட்டிய நண்டுகளை ஒரு நாள் தொட்டியில் வைத்து, பிடிப்பு நிற்பதைப் பார்த்த பிறகே களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நரம்பு 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நண்டால் சேற்றில் புதையக்கூட முடியாது. மிக நீண்டால் கடற்புல்லில் சிக்கும். முளைக்கும் முளைக்கும் இடையே சில மீட்டர் இடைவெளி வேண்டும். ஆண் நண்டுகளை மட்டும் கட்டுவது நல்லது. ஒரு பெண் நண்டு ஒரு தடவை 1,85,000 முட்டைகள் வரை சுமக்கும். தப்பினால் சோதனையே பரவலுக்கு வழிவகுத்துவிடும். நண்டு இதுவரை வராத நீர்நிலையில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. வந்துவிட்ட இடத்திலும் அரசு அனுமதி தேவை.

மறுநாள் வற்றத்தில் நரம்பின் நுனியைப் படிப்பதில்தான் அனுபவம் தெரியும். பசையோடு ஒட்டிய ஓட்டுத் துண்டு, விளிம்பு நொறுங்கி நின்றால் நண்டோ மீனோ கடித்திருக்கிறது. சுற்றிலும் கால்கள் சிதறி, ஓடு மட்டும் குடைந்து கிடந்தால் பெரும்பாலும் கடற்பறவை. ஓடு முழுசாக, பின்பக்கம் திறந்து, உள்ளே சுத்தமாக இருந்தால் நண்டு வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்றியிருக்கிறது; சாவுக் கணக்கில் சேராது. நரம்பு வெறுமையாக இருந்தால் எதையும் சொல்ல முடியாது. அதனால்தான் கூண்டுக்குள் கட்டிய ஒப்பீட்டு நண்டுகள் அவசியம். வேட்டையாடி எட்டாத அவற்றில் எத்தனை காணாமல் போயின என்பதே பசையின் தோல்வி விகிதம்.

இப்படிக் கிடைக்கும் எண் உண்மையான சாவு விகிதம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டிய நண்டால் ஓட முடியாது. இடத்துக்கு இடம் ஒப்பிட மட்டுமே இது உதவும். அதுவும் கட்டின் இடைஞ்சல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால்தான். சேற்றில் புதைந்து தப்பும் நண்டையும் புல்லில் சிக்கித் தவிக்கும் நண்டையும் அருகருகே வைத்து எண்ணிவிட்டு முடிவு சொன்னால் தவறான முடிவே வரும்.

கூண்டு சொல்லும் பொய்

கண்காணிப்பில் எல்லோரும் நம்புவது கூண்டைத்தான். வாஷிங்டன் மாநிலத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு இயங்கும் கண்காணிப்புத் திட்டம் ஒரு தளத்துக்கு ஆறு கூண்டுகள் வைக்கிறது. மூன்று ஃபுகுயி கூண்டுகள், மூன்று சிறுமீன் கூண்டுகள், மாற்றி மாற்றி ஒரே வரிசையில். இரை கானாங்கெளுத்தி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு தடவை, ஓர் இரவு.

ஃபுகுயி கூண்டு 60×45×20 சென்டிமீட்டர் பெட்டி. கண்ணி சுமார் 12 மில்லிமீட்டர். இரு முனையிலும் படுக்கைவாட்டில் பிளந்த வாய். நாலு சென்டிமீட்டருக்குக் குறைந்த நண்டை இது சரியாகப் பிடித்துவைக்காது. அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளுக்கு, வாயைச் சற்று அகலப்படுத்திய சிறுமீன் கூண்டோ, திடலின் மேல்விளிம்பில் விளிம்பு மட்டம் வரை புதைத்த 20 லிட்டர் வாளியோ வேண்டும். யமாடாவின் குழு இளநண்டுகளைப் பிடித்தது வாளியில்தான்.

வேட்டையாடியைப் பற்றிய கேள்வியில் கூண்டின் பெரிய குறை இதுவல்ல. இரை வாசத்துக்குப் பெரிய செம்பாறை நண்டும் வரும். அது உள்ளே உட்கார்ந்திருந்தால் பச்சை நண்டு வாயருகே வந்து திரும்பிவிடும். முன்பே உள்ளே இருந்தால் தின்னப்படும். மறுநாள் கூண்டில் ஒரு செம்பாறை நண்டும் இரண்டு பச்சைக் கால்களும் கிடக்கும். 'பச்சை நண்டு 0' என்று எழுதினால் அந்த இடத்தில் வேட்டையாடி அதை விலக்கிவிட்டது என்ற முடிவை நாமே உற்பத்தி செய்கிறோம். இதற்குப் பரிகாரம் உண்டு. சில கூண்டுகளின் வாயைக் கேபிள் டையால் சுருக்கி, 10 சென்டிமீட்டர் நண்டு நுழையவும் 15 சென்டிமீட்டர் நண்டு தடைபடவும் செய்ய வேண்டும். அவற்றையும் சாதாரணக் கூண்டுகளையும் கலந்து வைத்து, இரண்டிலும் பிடிபட்டதைத் தனித்தனியே எழுத வேண்டும். உடைந்த ஓடு, தனிக் கால் எல்லாம் கணக்கில் வர வேண்டும். உயிரோடு கிடைத்த பச்சை நண்டில் கால் இழப்பையும் ஓட்டுத் தழும்பையும் குறித்தால் வேட்டை அழுத்தத்துக்கு இன்னொரு சாட்சி கிடைக்கும்.

அடையாளம் காண்பதில் நிறத்தை நம்ப வேண்டாம். பச்சை நண்டு பச்சையாக மட்டும் இருப்பதில்லை. ஓடு கழற்றி நெடுநாளானவை வயிற்றுப்பக்கம் ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். அவற்றின் ஓடு தடித்தது, சண்டையில் வலுவானவை, ஆனால் குறைந்த உப்பைத் தாங்கும் திறன் பச்சையாக உள்ளவற்றைவிடக் குறைவு. கண்ணுக்கு வெளிப்புறம் ஓட்டின் விளிம்பில் இருபக்கமும் ஐந்தைந்து பற்கள், கண்களுக்கு நடுவே மூன்று மேடுகள். இவை இருந்தால் உறுதி. இதைப் பார்க்காமல் சொந்த நண்டுகளைக் கொன்று குவித்த சம்பவங்கள் காரணமாகவே வாஷிங்டனில் அனுமதியின்றி உயிரோடு பிடித்து வைத்திருக்கக் கூடாது என்ற விதி தேவைப்படுகிறது என்பது எங்கள் கருத்து.

கிழக்கே நீல நண்டு

அட்லாண்டிக் கரையில் வடக்கே பாறைகளில் தாராளமாகத் திரியும் பச்சை நண்டு, தெற்கே செசபீக் விரிகுடாவை நெருங்கும்போது நின்றுவிடுகிறது. அங்கே நிற்பது அட்லாண்டிக் நீல நண்டு, கலினெக்டஸ் சாபிடஸ் (நம் கரையின் நீலக்கால் நண்டு வேறு இனம்). கேத்தரின் டி ரிவேராவும் கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, நீல நண்டு கூடக் கூடப் பச்சை நண்டு குறைவதைக் கரை நெடுகிலும் காட்டியது. கட்டிவைத்த சோதனையும் அதற்குத் துணை நின்றது. யாக்வினாவில் சில கிலோமீட்டரில் நடப்பது இங்கே பல மாநிலங்கள் நீளத்தில் நடக்கிறது. ஒன்றில் குடாவுக்குள் இருப்பிடத்தை வரையறுக்கிறது வேட்டையாடி. மற்றதில் இனத்தின் தெற்கு எல்லையையே.

அதே கரையில் 1988இல் நியூஜெர்சியில் இறங்கிய ஆசியக் கரை நண்டு (ஹெமிகிராப்சஸ் சாங்குனியஸ்) வேறு விதமாகப் பச்சை நண்டை இடம்பெயர்த்தது. உடலளவில் சிறியது என்றாலும் கல்லடிப் புகலிடத்துக்கான போட்டியில் வெல்கிறது, பச்சை நண்டின் குஞ்சுகளையும் தின்கிறது. ஒரு வேற்றிட இனத்தை இன்னொரு வேற்றிட இனம் துரத்துவது யாருக்கும் ஆறுதலாக இருக்கக் கூடாது. இரண்டும் தங்கிவிட்டன.

நீர்நாய்

கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் உள்ள எல்க்ஹார்ன் ஸ்லூ, உப்பும் குளிரும் பொருந்திய நீண்ட ஓதக் கழி. 2000களின் தொடக்கத்தில் அங்கே அரை டஜன் கூண்டில் நூறு பச்சை நண்டுகள் சாதாரணமாகக் கிடைத்தன. இப்போது பத்துக்கும் குறைவு. இடையில் வந்தது கடல் நீர்நாய். ரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு அழிந்துபோனதாகக் கருதப்பட்ட இந்த விலங்கு, மான்டரே மீன்காட்சியகம் அனாதைக் குட்டிகளை வளர்ப்புத் தாய்களோடு வளர்த்து விட்டதன் மூலம் இந்தக் கழியில் பெருகி, சுமார் 120 ஆனது. தன் எடையில் நாலில் ஒரு பங்கை நாள்தோறும் தின்னும் உயிரி இது. ரிக்கெ யெப்பெசனின் குழு 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இங்குள்ள நீர்நாய்கள் ஆண்டுக்கு 50,000 முதல் 1,20,000 பச்சை நண்டுகள் வரை தின்கின்றன.

செம்பாறை நண்டு எட்டாத இடத்தில் நீர்நாய் எட்டுகிறது. குறைந்த உப்போ வெதுவெதுப்போ அதைத் தடுப்பதில்லை. ஏற்றத்தில் திடலின் மேல்விளிம்புக் கால்வாய்க்குள்ளும் நுழையும். பச்சை நண்டின் புகலிடத்துக்குள்ளேயே போகும் வேட்டையாடி என்பதுதான் இதன் முக்கியத்துவம்.

ஸீட்ரிஃப்ட்: தன்னையே தின்பவர்கள்

வேட்டையாடி என்றதும் வேறு இனத்தையே நினைக்கிறோம். பச்சை நண்டுக் குஞ்சின் பெரிய எதிரிகளில் ஒன்று வளர்ந்த பச்சை நண்டு. இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் ஸ்டின்சன் பீச்சில் உள்ள ஸீட்ரிஃப்ட் செயற்கைக் கழி சான்று. குழாய் வழியே மட்டும் பக்கத்துக் கழியோடு தொடர்புள்ள, மூடிய நீர்நிலை. நண்டை முற்றாக ஒழிக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று நம்பி, எட்வின் கிரோஷால்ஸ் தலைமையில் 2009இல் வேலை தொடங்கியது. அப்போதைய மதிப்பீடு 1,25,000 நண்டுகள். 2013இல் 10,000க்கும் குறைந்தது. 2014இல் சுமார் 3,00,000.

கூண்டு பெரியவற்றையே பிடித்தது. பெரியவை போனதும் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை, உணவுக்கும் போட்டியில்லை. ஒரே பருவத்தில் குடியேறிய குஞ்சுகள் பெருமளவில் பிழைத்தன. அந்த ஆண்டு அண்டைக் கழிமுகங்களில் இப்படிப் பெருக்கம் ஏதும் இல்லை. எனவே கடலிலிருந்து வழக்கத்துக்கு மேல் லார்வா வந்தது என்று காரணம் சொல்ல இடமில்லை. கழிக்குள் செம்பாறை நண்டும் நீர்நாயும் இருந்திருந்தால் விளைவு இவ்வளவு கடுமையாக இருந்திருக்காது என்று நாங்கள் கருதுகிறோம். வேறு வேட்டையாடி இல்லாத இடத்தில் இனத்தைக் கட்டுப்படுத்தும் ஒரே கை அந்த இனத்தின் பெரியவர்களுடையதாக இருந்தது. அதை வெட்டிவிட்டார்கள். அதன்பின் திட்டம் முழு ஒழிப்பைக் கைவிட்டு, சேதம் உண்டாகாத அளவுக்குத் தொகையைத் தாழ்த்தி வைப்பது என்று மாறியது.

களத்தில் இதன் பொருள்

புதிதாகக் கண்காணிப்புத் தொடங்குவோர் கூண்டுகளைத் துறைமுக மேடைக்கும் படகுத்துறைக்கும் பக்கத்தில் வைக்கிறார்கள், போக வசதி என்பதால். அங்கேதான் செம்பாறை நண்டும் இருக்கும். முதல் கூண்டு போக வேண்டிய இடம் அடைப்பட்ட, வெதுவெதுப்பான, ஆறு கலக்கும் நீர்: கரை போட்டு அடைத்த வளர்ப்புக் குளம், மதகுக்குப் பின்னால் உள்ள கழி, உப்புச் சதுப்பின் உள்கால்வாய். வாஷிங்டன் மாநிலத்தில் லம்மி பழங்குடியினரின் 750 ஏக்கர் கடற்குளத்தில் 2021இல் மட்டும் 70,000க்கு மேல் பிடிபட்டன. அந்தக் குளம் மேலே சொன்ன அத்தனை தகுதிகளும் கொண்டது. 2022 ஜனவரியில் வாஷிங்டன் ஆளுநர் அவசரநிலை அறிவிக்கும் நிலை வந்தது.

ஒவ்வொரு கூண்டோடும் உப்பளவையும் வெப்பத்தையும் எழுதுவது போலவே செம்பாறை நண்டின் எண்ணிக்கையையும் ஓட்டகலத்தையும் எழுத வேண்டும். கூண்டில் சிக்கிய சொந்த நண்டை அதே இடத்தில் உடனே விட வேண்டும்; வெயிலில் வாளியில் வைத்தால் அது சாகும், பச்சை நண்டு சாகாது. பிடிப்பைத் தொடங்கினால் குஞ்சு பிடிக்கும் கூண்டும் பெரியதைப் பிடிக்கும் கூண்டும் ஒன்றாக இயங்க வேண்டும். பெரியதை மட்டும் அள்ளிவிட்டு அடுத்த ஆண்டு நிதி தீர்ந்துபோவதைவிட, தொடங்காமலிருப்பது மேல்.

ஆரிகனில் பொழுதுபோக்காக நண்டு பிடிப்பவர் ஒருவர் நாளொன்றுக்கு 35 பச்சை நண்டுகள் எடுக்கலாம். 2022இல் 10இலிருந்து உயர்த்தினார்கள். அது சரியே. அதே ஆரிகனில் செம்பாறை நண்டையும் நாளொன்றுக்கு 24, ஆண் பெண் பேதமின்றி, எந்த அளவிலும் எடுக்கலாம். பச்சை நண்டை நொறுக்கக்கூடியவை பெரிய செம்பாறை நண்டுகள் மட்டுமே. பிடிப்பவர் முதலில் பைக்குள் போடுவதும் அவற்றைத்தான். கழிமுகத்தின் நடுப்பகுதியில், கோடு ஓடும் அந்தச் சில கிலோமீட்டரிலாவது, 13 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட செம்பாறை நண்டைத் திருப்பிவிடும் விதி ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. பக்கத்துக் கழிமுகத்தில் இப்போதைய விதியையே வைத்திருந்து, இரண்டிலும் ஒரே வரிசையில் கூண்டு வைத்து ஐந்து ஆண்டு எண்ணினால் போதும். பச்சை நண்டு மேற்குக் கரையில் வாழ்வது நாலு முதல் ஆறு ஆண்டு. ஒரு தலைமுறை ஏறக்குறைய அதில் அடங்கிவிடும்.